யாருக்கென்று கேட்பதில்லை

ஜப்பான்காரர்கள் வீட்டுக்குள் வந்ததும் கழற்றிய ஷூவை வாசல் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். அது மரியாதையாம். எனக்கென்னவோ அதைப் பார்க்கும்போதெல்லாம், கிளம்பி ஓடத் தயாராகத்தான் வந்திருக்கிறார்கள் என்று தோன்றும். அரிசாகா என்ற அந்த வக்கீல் பெண் முதல் தடவை என் தோழி செனெம் வீட்டுக்கு வந்தபோதும் நான் ஷூவைத்தான் முதலில் பார்த்தேன். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து போயிருந்தது. ஒன்று இவள் வக்கீலே இல்லை, அல்லது எல்லா வழக்கிலும் தோற்கிற வக்கீல் என்று முடிவு கட்டினேன்.

செனெம் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வக்கீலம்மா குனிந்து நன்றி சொல்லிவிட்டு, முதுகுப் பையிலிருந்து தன் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் குடித்தாள். எனக்குச் சுருக்கென்றது. தேநீர் ஆறிக்கொண்டே இருந்தது. பை அவள் மடியிலேயே இருந்தது. அதற்குள் பேச்சைப் பதிவு செய்கிற கருவி ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன்.

இப்படி நினைப்பதற்கு எனக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாங்கள் குர்து ஜனம், எங்கள் மலை ஊரை விட்டு அகதியாக இங்கே வந்தவர்கள். டோக்கியோவுக்குப் பக்கத்து ஊரான இந்தக் கவாகுச்சியில் இடிக்கப்படுகிற பழைய வீடுகளில் பாதியை எங்கள் ஆண்கள்தான் இடிக்கிறார்கள். அந்தத் தூசியைத் தின்றே பிள்ளைகளை வளர்த்தோம். அப்படியும் கடை வாசலில் நாலு பேர் நின்று பேசினால், எவனாவது போனைத் தூக்கிப் படம் பிடித்து, "பாருங்கள், இவர்கள் ஊரையே பிடித்துக்கொண்டார்கள்" என்று போட்டுவிடுகிறான். போன வருடம் ஒருத்தன் உதவி செய்கிறேன் என்று வந்து, வீடு வீடாக உட்கார்ந்து கதை கேட்டு, பெண்பிள்ளைகளின் முகத்தோடு எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டுப் போனான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நாங்கள் யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை.

என் பெயர் தில்பெர். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நகராட்சி எங்கே போனாலும் எங்கள் பெண்களுக்கு நான்தான் வாய். ஒரு ஜப்பான்காரரைக் கட்டிக்கொண்டேன். அவர் போய்ச் சேர்ந்தார். விசாவும் மொழியும் மட்டும் எனக்கு மிஞ்சின. அதனால் எங்கள் ஆட்களுக்கு என் மேலும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அதை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

வக்கீலம்மா வந்தது செனெமின் மகள் பெர்ஃபினுக்காக. காகிதத்தில் அவள் பெயர் ஸெலிஹா. எங்களில் எல்லாருக்கும் இரண்டு பெயர்தான், வீட்டுக்கு ஒன்று, அரசாங்கத்துக்கு ஒன்று. செனெமின் குடும்பத்துக்கு அகதி மனு மூன்று தடவை தள்ளுபடியாகிவிட்டது. பிடித்து அடைக்காமல் தற்காலிகமாக வெளியே விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வேலை செய்யக் கூடாது. அனுமதி வாங்காமல் அராகாவா ஆற்றைத் தாண்டி டோக்கியோவுக்குள் போகக் கூடாது. வீட்டு மாடியில் நின்றால் அக்கரைக் கட்டடங்களில் துணி காய்வது வரைக்கும் தெரியும்.

இதுவரை பெர்ஃபினை அப்பா அம்மாவோடு சேர்த்துக் குழந்தையாகவே எண்ணி வந்தார்கள். காகிதக் கணக்கில் பதினெட்டு தாண்டியதும் அது முடிந்துபோயிற்று. குடிவரவு அலுவலகத்திலிருந்து அவள் பெயருக்குத் தனியாக அழைப்பு வந்தது. இங்கேயே வளர்ந்த சின்னப் பிள்ளைகளுக்கு இரக்கம் காட்டுவார்கள், அவள் தம்பி அப்படித் தப்பிவிடுவான். வயது வந்தவர்களுக்கு அந்த இரக்கம் கிடையாது. அடுத்த மாதம் உள்ளே போகிறவளை அப்படியே பிடித்து வைத்து விமானத்தில் ஏற்றிவிடலாம். ஏற்றினால் போய்ச் சேர ஒரே ஒரு இடம்தான், பூகம்பத்துக்குப் பிறகு ஊரில் கன்டெய்னர் வீட்டில் இருக்கிற பெரியப்பா. அவர் இப்போதே தன் மைத்துனன் மகனை அவளுக்கு மாப்பிள்ளையாகக் கைகாட்டி வைத்திருந்தார். பெர்ஃபினுக்கு மாலை நேரப் பள்ளியில் இது கடைசி வருடம், அது முடிந்தால் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிற படிப்பு. குர்து மொழியில் அவளுக்குத் திட்டத் தெரியும், சாப்பாடு கேட்கத் தெரியும், அவ்வளவுதான்.

அவளாகவே பள்ளி வாத்தியாரிடம் சொல்லி இந்த வக்கீலைத் தேடிப் பிடித்திருந்தாள். அகதிப் பெண்பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடுகிற கூட்டமாம். அவள் அப்பா வெலிக்கு அந்தக் 'காசு வாங்காமல்' என்பதுதான் தொண்டையில் மாட்டியது.

"காசு வாங்கலன்னா வேற எதையோ வாங்கிட்டுப் போகப் போறான்னு அர்த்தம்" என்றார். "நீ கூடவே உக்காரு தில்பெர். ஒரு வார்த்தை விடாம கேளு."

ஆனால் வக்கீலம்மா முதல் நாளே பெர்ஃபினோடு தனியாகப் பேச வேண்டும் என்றாள். அம்மா வேண்டாம், அப்பா வேண்டாம், நான் சுத்தமாக வேண்டாம். பிள்ளைக்கு ஜப்பானிய மொழி தண்ணீர் பட்டபாடு, எனவே வாய் தேவையில்லை என்று பணிவாகச் சொன்னாள். பணிவாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டார்கள். நானும் செனெமும் சமையலறையில் புல்கூர் கோதுமையில் கல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கல்லே இல்லாத புல்கூர் அது.

வெளியே வந்ததும் பெர்ஃபினைக் குடைந்தேன். சின்ன வயதில் என்ன நினைவிருக்கிறது, அம்மா என்ன கதை சொல்வார், பள்ளியில் எப்படி இருந்தாய் என்றுதான் கேட்டாளாம்.

"நீ என்னடி சொன்ன?"

"நான் பொறந்தப்ப பனி வழிய அடைச்சிருச்சு, மருத்துவச்சி வரமுடியல, அதான் பெர்ஃபின்னு பேருன்னு சொன்னேன். அதைக் கேட்டுட்டு அவங்க எழுதி, அடியில கோடு போட்டுக்கிட்டாங்க."

பனிக்குள் பூக்கிற பூவுக்குப் பெயர் பெர்ஃபின். அவள் காகிதத்திலும் பனிக்காலம்தான் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். புதிதாக வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான், காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் வாயிலும் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். மலையிலிருந்து இறங்கி எப்போது ஆபீசுக்குப் போக முடிந்ததோ அப்போதுதான் பிறந்ததாக எழுதுவார்கள். அது எங்களுக்குச் சாதாரணம். இங்கே ஒரு நாள் முன்னே பின்னே ஆனால், "பொய் சொல்கிறாய், நீ சொன்ன மற்றதும் பொய்" என்பார்கள். வக்கீல் கேட்டால் மட்டும் என்ன, காகிதத்தில் இருக்கிற தேதியைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று திட்டினேன்.

"அந்த அம்மா நம்ம பக்கம்க்கா" என்றாள் பெர்ஃபின்.

"எல்லாரும் முதல்ல நம்ம பக்கம்தான்டி."

ஜூலையில் வக்கீலம்மா மறுபடி வந்தாள். அன்றைக்குச் செனெம் லோக்மா பொரித்துக்கொண்டிருந்தாள். பொங்கிய மாவைச் சின்னச் சின்ன உருண்டையாக எண்ணெயில் விட்டு, சர்க்கரைப் பாகில் புரட்டி எடுப்பது. எங்கள் அலெவி மார்க்கத்தில் இறந்துபோன ஒருவரின் ஆத்மாவுக்காக அதைப் பொரித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்போம். வாங்குகிறவர் யாருக்கென்று கேட்பதில்லை. "இறைவன் ஏற்றுக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டும். செனெம் ஒவ்வொரு கோடையிலும் ஒரு நாள் பொரிப்பாள். நானும் வருடா வருடம் ஒரு தட்டு வாங்கி ஏற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டுதான் வந்தேன். தாயோ தகப்பனோ, யாரோ என்று இருந்தேன். ஆனால் அவள் தாயும் தகப்பனும் இருவருமே பூகம்பத்தில்கூடத் தப்பி ஊரில் உயிரோடு இருக்கிறார்கள் என்பது எனக்கு அந்த வருடம்தான் உறைத்தது.

வக்கீலம்மா தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பெர்ஃபினுக்கு வாழ்த்துச் சொன்னாள். இன்றைக்கு உனக்குப் பத்தொன்பது ஆகிறதே என்றாள். அவள் வழக்குக் கட்டு முழுக்கப் படித்தவள், தேதி தெரியாமல் இருக்குமா.

பெர்ஃபினும் சிரித்துக்கொண்டே, "வருஷா வருஷம் என் பொறந்த நாளுக்கு அம்மா இதைச் செய்வாங்க" என்றாள்.

கையிலிருந்த உருண்டை எனக்கு வாய்க்குப் போகவில்லை. பிறந்த நாளுக்கு யார் லோக்மா பொரிப்பார்கள்? இங்கே வளர்ந்த பிள்ளை, இனிப்பென்றால் இனிப்பு என்று நினைத்துவிட்டாள். எனக்கு அது செத்தவருக்கு என்று தெரியும், ஆனால் அவளுடைய காகிதத் தேதி இன்றைக்கு என்பது தெரியாது. எத்தனையோ பேருக்குத் தேதி நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், எல்லாம் பொய்த் தேதி, எதை மனதில் வைப்பது. அடுப்புப் பக்கம் பார்த்தேன். செனெம் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். எண்ணெயில் உருண்டைகள் கருகிக்கொண்டிருந்தன.

வக்கீலம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள். என்னிடம் திரும்பி, தயவுசெய்து அம்மாவிடம் இதைக் கேளுங்கள் என்றாள். இந்தப் பிள்ளை பிறந்தது கோடையிலா, பனிக்காலத்திலா?

இதோ வந்துவிட்டது வலை என்று எனக்குத் தோன்றியது. ஒரு குடும்பத்தையே பொய்யர்கள் என்று எழுத இந்த ஒரு கேள்வி போதும். நான் குர்து மொழியில் செனெமிடம், "லோக்மா ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றாங்க" என்றேன்.

செனெம் திரும்பாமலே, "நல்லா இருக்கட்டும்" என்றாள்.

"ஜூலையிலதான்னு சொல்றாங்க" என்று வக்கீலம்மாவிடம் சொன்னேன்.

திட்டவும் சாப்பாடு கேட்கவும் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இந்த அளவுக்குக் குர்து மொழி புரியும் என்பதை நான் யோசிக்கவில்லை.

"அக்கா, அவங்க அதைக் கேக்கல" என்றாள் பெர்ஃபின். பிறகு தன் தாயிடம் நேராகவே, உடைந்த குர்து மொழியில் கேட்டாள். "அம்மா, இது யாருக்கு?"

எங்களில் யாரும் கேட்காத கேள்வி. செனெம் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். மாடிப் பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வக்கீலம்மா ஷூவைப் போட்டுக்கொண்டே என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள், பெர்ஃபினுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை என்றால் அவளைச் சின்னப் பிள்ளைகளோடு சேர்க்கச் சொல்லிக் கேட்க முடியும், ஆனால் அழைப்பு நாளுக்கு முன்னால் தெரிந்தாக வேண்டும் என்று. நான் அவளை மேலும் கீழும் பார்த்தேன். வயதைக் குறைத்துப் பொய் சொல்லச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். நாளைக்கு நாங்கள் சொன்ன பொய்யையே எங்களுக்கு எதிராகக் காட்டுவதற்கா என்றும் கேட்டேன். அவள் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். ஒருவேளை என் கேள்வி அவளுக்குச் சுட்டிருக்கும் என்று அப்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. வெலி வக்கீலைச் சந்தேகப்பட்டார், அவளைக் கூட்டிவந்ததற்காக மகளைச் சந்தேகப்பட்டார். பெர்ஃபினின் யோசனையோ வேறெங்கோ போய்விட்டது. ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள் வெகுநேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அவங்க பொண்ணு இல்லையாக்கா? எங்கேயோ எடுத்து வளர்த்தாங்களா? அதான் சொல்ல மாட்டேங்குறாங்களா?"

"கண்ணாடியில உன் மூக்கைப் பாருடி. வெலி மூக்கு அது. அதையும் எடுத்தா வளப்பாங்க?"

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சொல்லிவிட்ட பிறகு சிரிப்பு வரவில்லை. மூன்றாம் வகுப்பில் அவள் எடுத்துக்கொண்ட வகுப்புப் படம் ஞாபகம் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் பெரிய பல் காட்டிச் சிரிக்க, இவள் மட்டும் மேல் வரிசையில் முன்பல் இரண்டும் இல்லாமல் பொக்கை வாயோடு நிற்பாள். தலையும் மற்றவர்களின் தோளுக்குத்தான் வரும். பள்ளிப் பல் டாக்டர் இந்தப் பிள்ளைக்கு எல்லாமே மெதுவாக நடக்கிறது என்றார். அதைச் செனெமுக்கு மொழிபெயர்த்ததும் நான்தான், எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி என்று டாக்டருக்குச் சமாதானம் சொன்னதும் நான்தான். செனெம் அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காய் இத்தனை வருடமாக என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது.

மறுநாள் செனெமை ஆற்றங்கரைக்கு நடக்கக் கூட்டிப்போனேன். கரை மேட்டில் கிழவர்கள் பேஸ்பால் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்கரைக்கு ரயில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. புல்லில் உட்கார்ந்ததும் நான் சுற்றி வளைக்கவில்லை.

"எத்தனை வருஷமா உன் லோக்மாவைத் தின்னுருக்கேன். கேக்கக் கூடாதுன்னு தெரியும். கேக்குறேன்."

அவள் புல்லைப் பிடுங்கினாள். பிடுங்கிப் பிடுங்கி மடியில் போட்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை.

முதல் பெண் கோடையில் பிறந்தது. ஸெலிஹா என்று பெயர் வைத்து, மாமனார் கழுதையில் போய் ஆபீசில் பதிந்துவிட்டு வந்தார். நடக்கப் பழகி, 'தண்ணி' என்று சொல்லப் பழகி, இரண்டாவது பனிக்காலத்தில் காய்ச்சல் வந்தது. வழி அடைத்துக் கிடந்தது. டாக்டரிடம் கொண்டுபோக முடியவில்லை. செனெம் அப்போது நிறைமாதம். ஒன்றைப் புதைத்த வாரமே இன்னொன்று பிறந்தது, அதுவும் பெண். பனி உருகியதும் இறப்பையும் பிறப்பையும் பதிய ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. மாமனார் சொன்னார், ஒன்று போச்சு, ஒன்று வந்தது, காகிதம்தான் கையில் இருக்கிறதே, அதையே இவளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று. எங்கள் பக்கத்தில் அது புதிதல்ல. எத்தனையோ வீட்டில் இறந்த அண்ணனின் வயதில் தம்பி ராணுவத்துக்குப் போயிருக்கிறான். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை.

"இறந்த நாள்ல பொரிச்சா அது பெர்ஃபின் பொறந்த வாரம்" என்றாள் செனெம். "பொறந்த புள்ளைக்கு ஆகாது. அதான் மூத்தவ பொறந்த நாள்ல பொரிக்கிறேன்."

"கல்லறையில என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும் எழுதல. பேரு இவகிட்ட இருக்கே. அங்க எப்படி எழுதுறது?"

நான் அழுகிறவள் அல்ல. அன்றைக்கு அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம். அவள் அழவில்லை. அவளுக்குப் பயம் மட்டும்தான் இருந்தது.

"யாராவது ஸெலிஹான்னு கூப்பிடுறப்பல்லாம், பள்ளிக்கூடத்துல, ஆஸ்பத்திரியில, எனக்கு அவ இன்னும் எங்கேயோ இருக்கிற மாதிரி இருக்கும் தில்பெர். நான் வாயைத் தொறந்து சொல்லிட்டா அவ செத்துருவா. அது மட்டுமா? இத்தனை வருஷம் பொய் சொன்னீங்களான்னு எல்லாரையும் விமானத்துல ஏத்திருவான். சின்னவன் தப்பிச்சிருவான்னு இருக்கு, அவனையும் சேத்து."

வெலி சொன்னதும் அதேதான். அவர் சொன்னதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய் நாலு பேரையும் இழக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருத்தி போவாள், மூன்று பேர் ஒருவேளை இருப்பார்கள். இப்படி ஒரு கணக்கைத் தாய் தகப்பன் போட வேண்டிய நிலைமை யாருக்கும் வரக் கூடாது. எல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றது, அந்தத் தேய்ந்த ஷூக்காரியை நம்பலாமா கூடாதா.

எனக்கு ஆறு தாண்ட அனுமதி வேண்டாம். நான் டோக்கியோவுக்கு அவள் ஆபீசுக்கே போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, கீழே நூடுல்ஸ் கடை. நேராகவே கேட்டேன்.

"உங்களுக்கு இதுல என்ன கிடைக்குது?"

சம்பளம் கொஞ்சம் கிடைக்கிறது, நன்கொடையிலிருந்து என்றாள். பிறகு, ஜெயித்தால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரும் என்றாள்.

"இந்தக் குடும்பம் எல்லாத்தையும் சொன்னா, நீங்க காப்பாத்திருவீங்களா?"

"தெரியல" என்றாள். "இவ்வளவு நாள் ஏன் மறைச்சீங்கன்னு அவங்க கோபப்படலாம். குடும்பம் முழுக்க பாதிக்கப்படலாம். நான் தோத்தும் போகலாம், தோத்திருக்கேன். ஆனா சொல்லலன்னா பெர்ஃபின் நிச்சயமா போவா. அது மட்டும் எனக்குத் தெரியும்."

எங்களிடம் வந்த எல்லா ஏமாற்றுக்காரனும் 'கண்டிப்பா' என்றுதான் சொன்னான். எங்களை முகத்தோடு இணையத்தில் ஏற்றியவன் ஐந்து தடவை கண்டிப்பா என்றான். தெரியல என்று எங்களிடம் சொன்ன முதல் ஆள் இவள்தான். போகும்போது வாசலில் நின்று, செனெம் வீட்டில் ஏன் தேநீர் குடிக்கவில்லை என்றும் கேட்டுவிட்டேன். அவள் முகம் சிவந்தது. வழக்குக்காரர் வீடுகளில் எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று ஆபீசில் விதியாம். பாவம், அது அவளுடைய காகிதம்.

செனெமிடம் போய் நான் ஒன்றும் வலியுறுத்தவில்லை. கேட்டதைக் கேட்டபடியே, தெரியல என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைக்கூட இந்தத் தடவை விழுங்கவில்லை. அவள் மாடியில் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். வெலி புகைத்துக்கொண்டே கேட்டார். பிறகு புகையை விட்டுவிட்டு, "புள்ளையைக் கூப்பிடு" என்றார்.

பெர்ஃபினை நடுவில் உட்கார வைத்தார்கள். தாய் சொன்னது முழுக்க அவளுக்குப் புரிந்துவிடவில்லை. புரியாத இடத்தில் நான் சொன்னேன். தனக்கு ஒரு அக்கா இருந்தாள், அவள் பெயரைத் தான் போட்டுக்கொண்டு திரிகிறோம் என்று புரிந்தபோது, அவள் தன் பள்ளி அடையாள அட்டையைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள். "இது அக்காவோட வயசு" என்றாள். அதற்கப்புறம்தான் தாயின் மடியில் போய் விழுந்தாள்.

அடுத்த நாட்களில் வக்கீலம்மா ஓடியாடி வேலை பார்த்தாள். பள்ளியில் எடுத்து வைத்திருந்த அந்தப் பொக்கை வாய்ப் படத்தையும் பல் பரிசோதனையையும் கேட்டு வாங்கினாள். வயதைக் கணிக்க ஒரு பல் டாக்டரிடம் பெர்ஃபினைக் காட்டினாள். ஊரில் செனெமின் தங்கை பூகம்பத்தில் சாய்ந்து கிடந்த கல்லறைகளுக்கு நடுவே அந்தச் சின்னக் கல்லைக் கண்டுபிடித்துப் படம் அனுப்பினாள். பெயரில்லாத கல்லை வைத்து என்ன நிரூபிக்க முடியும் என்று நான் கேட்டேன். பெயர் எங்கே போயிற்று என்று நாம் சொல்லலாம் என்றாள் வக்கீலம்மா. செனெம் என்னிடம் ஒரே ஒரு உதவி கேட்டாள். ஒரு வாக்கியத்தை ஜப்பானிய மொழியில் சொல்லிக்கொடு என்றாள். சமையலறையில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமாக இந்த ஊரில் இருந்தும் நன்றி, மன்னிக்கவும் தவிர எதுவும் படியாத நாக்கு அது.

அழைப்பு நாளில் அந்தக் குடும்பம் நாலு பேரும் நானுமாக ஐந்து பேரும் ரயிலில் ஆறு தாண்டினோம், வக்கீலம்மா அங்கே காத்திருந்தாள். குடிவரவு அலுவலகத்தில் வரிசை வரிசையாக நாற்காலி. எதிரே ஒரு கதவு. அந்தக் கதவுக்குள் போய், திரும்பி வராமல் மறுபக்கம் போனவர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். வெலி வேலைக்குப் போடுகிற கனத்த ஷூவோடே வந்திருந்தார். பெர்ஃபின் தலையைப் பின்னி முடிந்திருந்தாள், பார்க்கச் சின்னப் பிள்ளையாகவே இருந்தாள். அதைக்கூட நடிப்பு என்று சொல்வார்களோ என்று எனக்கு ஓடியது. சந்தேகம் ஒரு நாளில் விட்டுப் போகிற வியாதியா?

கதவைத் திறந்துகொண்டு அதிகாரி வந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஸெலிஹா."

பெர்ஃபின் எழுந்திருக்கவில்லை. எழுந்தது செனெம். நான் மொழிபெயர்க்கக் கூடவே எழுந்தேன், அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். அதிகாரிக்கு முன்னால் போய் நின்றாள். பாத்திரத்தோடு சேர்த்துக் கழுவிக் கழுவிப் பழகிய அந்த வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"ஸெலிஹா செத்துப் போயிட்டா. குழந்தையா இருந்தப்பவே செத்துட்டா. இவ பெர்ஃபின், என்னோட ரெண்டாவது பொண்ணு, இவளுக்குப் பதினேழு வயசு."

அதிகாரி தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அரிசாகா சென்செய், வக்கீலை இங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள், காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்து பக்கத்தில் போய் நின்றாள். போகும்போது அந்த முதுகுப் பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். செனெம், பெர்ஃபின், சென்செய் மூவரும் கதவுக்குள் போனார்கள்.

நான் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெலி பக்கத்தில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி இரண்டு தடவை தண்ணீர் வேண்டும் என்றான், யாரும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் ஆகி நாற்காலிகள் எல்லாம் காலியான பிறகு கதவு திறந்தது. முதலில் செனெம் வந்தாள், பின்னால் சென்செய், அவளுக்குப் பின்னால் பெர்ஃபின். வயது விசாரணை முடியும் வரை பிடித்து வைப்பதில்லை, தம்பியோடு சேர்த்துச் சின்னவர்கள் கணக்கில் பார்க்கிறார்கள் என்று சென்செய் சொன்னாள். இன்னும் தீர்ப்பு இல்லை, இன்னும் தெரியல என்பதையும் மறக்காமல் சொன்னாள். வெலி அவளுக்கு முன்னால் இடுப்பு மடியக் குனிந்தார். அந்த மனுஷன் யாருக்கும் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை.

ரயிலில் செனெம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆறு வந்தபோது போனை எடுத்து ஊரில் இருக்கிற தங்கையைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் இழுத்துப் பேசுகிற சத்தம் எனக்கே கேட்டது. செனெம் இரண்டே வார்த்தைதான் சொன்னாள்.

"கல்லுல எழுதிரு."